புதினம் இல்லாத ஒரு நாள்



நம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் வாயில் வரும் கேள்வி "என்ன புதினம்?" என்பதுதான். சந்தையிலும், கோயில் வாசலிலும், பஸ் தரிப்பிடத்திலும், இன்று கனடாவிலிருந்தும் பாரீசிலிருந்தும் பேசும் தொலைபேசியிலும் அதுவே கேள்வி. "ஒரு புதினமும் இல்லை" என்று பதில் வந்தால் கேட்டவருக்குச் சற்றே ஏமாற்றம். பத்திரிகை நடத்துகிறவனுக்கோ அந்தப் பதில் பெரிய சங்கடம். அச்சுக்குப் போகும் நாளில் முன்பக்கம் வெறுமையாகக் கிடந்தால் எங்கள் பாடு என்னவென்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் திருநூலை எழுதியவர்களுள் ஒருவர், புதினம் ஒன்றுமே இல்லாத ஒரு நாளைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார். இவ்வாரம் அந்த நாளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அப்போஸ்தலர் பணி நூலின் 20 ஆம் அதிகாரத்தைத் திறந்து, 13 ஆம் வசனம் முதல் 16 ஆம் வசனம் வரை வாசித்துப் பாருங்கள். இன்றைய மொழிபெயர்ப்பில் இது திருத்தூதர் பணிகள் என்ற பெயரோடு இருக்கும். நம் பாட்டன் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைத்த பவுலடியார் அங்கே கப்பற் பயணம் செய்கிறார். இந்த நான்கு வசனங்களையும் நாளாந்தப் பூசை வாசகங்களில் நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். பாஸ்கா காலத்தின் ஏழாம் வாரத்தில், மிலேத்துவில் அவர் ஆற்றிய பிரியாவிடை உரை 17 ஆம் வசனத்திலிருந்து வாசிக்கப்படுகிறது. அதற்கு முந்திய கடற்பயணம் வாசகத்தில் சேர்வதில்லை. வாசகங்களைத் தெரிந்தெடுத்தவர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஊர்ப் பெயர்களின் பட்டியலை வாசிக்கக் கேட்டு யாருக்கு என்ன பயன் என்று எவருக்கும் தோன்றக்கூடியதே.

அந்தப் பட்டியல் இதுதான். அசோ என்னும் துறைமுகத்தில் ஏறினார்கள். மித்திலேன் வந்தார்கள். மறுநாள் கியோ தீவுக்கு எதிரே வந்தார்கள். அடுத்த நாள் சாமு தீவு. அதற்கு அடுத்த நாள் மிலேத்து. நடுவில் நிற்கும் அந்தக் கியோ நாளைப் பாருங்கள். அன்று யாரும் மனந்திரும்பவில்லை. நோயாளி எவரும் குணமாகவில்லை. புயல் இல்லை, கலகம் இல்லை, சிறை இல்லை. தரையில் இறங்கியதாகக்கூடச் சொல்லப்படவில்லை. தீவுக்கு எதிரே வந்தோம் என்பதோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது.

இந்தப் பயணம் சும்மா போன உல்லாசப் பயணமென்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய கி.பி. 57 அல்லது 58 ஆம் ஆண்டில் இது நடந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கணிக்கின்றனர். கிரேக்க நாட்டிலிருந்து நேரே சீரியாவுக்குக் கப்பலேற இருந்த வேளையில் தம் உயிருக்குச் சதி நடப்பதைச் சின்னப்பர் அறிந்தார். ஆகவே வழியை மாற்றி, மக்கெதோனியா சுற்றி வருகிறார். கூடவே பெரோயா, தெசலோனிக்கா, தெர்பை, ஆசியா ஆகிய இடங்களைச் சேர்ந்த சகோதரர்கள் வருகிறார்கள். எருசலேமில் வறுமைப்பட்டிருக்கும் கிறிஸ்தவர்களுக்கென்று அந்தந்தச் சபைகள் சேர்த்த காசை ஒப்படைக்க வேண்டும். பெந்தெகொஸ்தே நாளுக்கு முன் எருசலேம் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அங்கே போனால் விலங்கும் துன்பமும் காத்திருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவரே சில நாட்களின் பின் மிலேத்துவில் வாய்விட்டுச் சொல்கிறார்.

அவசரம் அவருக்கு உண்டு. காற்றுக்கு அவசரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் துரோவாவிலிருந்து பிலிப்பிப் பக்கம் போனபோது இரண்டே நாளில் கடலைக் கடந்துவிட்டார்கள் என்று அதே நூலின் 16 ஆம் அதிகாரம் சொல்கிறது. இம்முறை அதே கடலைத் திரும்பிக் கடக்க ஐந்து நாள். கடல் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். சோளகம் வீசும்போது ஒரு பக்கம் போவது எத்தனை சுலபமோ, மறுபக்கம் திரும்புவது அத்தனை பாடு என்பதைத் தீவகத்தாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஸ்காவிலிருந்து பெந்தெகொஸ்தே ஐம்பதாம் நாள். புளியாத அப்பத் திருநாட்கள், கடலில் ஐந்து நாள், துரோவாவில் ஏழு நாள், பின் இந்தத் தீவுகளின் ஊடான நாட்கள் என்று விரல்விட்டு எண்ணினால், மிலேத்து வரும்போது ஐம்பதில் ஏறக்குறையப் பாதி கரைந்துபோயிருக்கும்.

துரோவாவை விட்டுப் புறப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. முந்திய இரவு முழுவதும் சின்னப்பர் பேசிக்கொண்டிருந்தார். சன்னலில் இருந்த யூத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததும், சின்னப்பர் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டதும், அவன் உயிரோடு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. (நீண்ட பிரசங்கம் செய்யும் குருக்களை நினைவூட்டுவதற்கு நம் மக்கள் மறவாமல் வைத்திருக்கும் கதையும் அதுவே.) விடிந்ததும் மற்றவர்கள் கப்பலேறினார்கள். சின்னப்பர் ஏறவில்லை. அசோ வரை, ஏறக்குறைய இருபது மைல், தரைவழியே தாம் வருவதாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று லூக்காஸ் எழுதவில்லை. இரவெல்லாம் கண்விழித்த மனிதர், பகலில் தனிவழி நடக்கிறார். கப்பல் முனையைச் சுற்றி வந்து சேர, அசோவில் அவரை ஏற்றிக்கொண்டார்கள்.

அதன் பின்னர் அவர் வெறும் பிரயாணி. சுக்கானைப் பிடிப்பது வேறொருவர் கை. பாயை விரிப்பதும் சுருக்குவதும் வேறு ஆட்களின் வேலை. எப்போது புறப்படுவது, எந்தத் தீவின் மறைவில் இரவுக்கு ஒதுங்குவது என்பதைத் தீர்மானிப்பவன் தண்டையல். இடப்புறம் ஆசியாக் கரை, வலப்புறம் தீவு, நடுவே ஒடுங்கிய கடல். கியோ தீவுக்கும் கரைக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் சில மைல் அகலந்தான். சாமு தீவுக்கு அருகே அது ஒரு மைலளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மலைகள் மெல்ல முன்னே வந்து மெல்லப் பின்னே போகும். பாயில் காற்று நிறைந்தால் அணியத்தின் கீழே நீர் சலசலக்கும். காற்று விழுந்தால் அந்தச் சத்தமும் நின்றுவிடும்.

அவர்கள் கடந்துபோன தீவுகள் பேரில்லாத தீவுகளுமல்ல. ஹோமர் என்னும் பெருங்கவி தங்கள் மண்ணில் பிறந்தவர் என்று கியோ தீவார் உரிமை கொண்டாடினர். அத்தீவின் தென்பகுதியில் மரத்திலிருந்து வடியும் மாஸ்டிக் என்னும் மணமுள்ள பிசின் இன்றும் பேர்போனது. சாமு தீவோ கணித மேதை பைத்தகரஸ் பிறந்த இடம். அசோவில் அரிஸ்டோட்டில் சில ஆண்டுகள் தங்கிப் படிப்பித்திருக்கிறார். இவற்றுள் ஒன்றையும் லூக்காஸ் எழுதவில்லை. படித்த மனிதரான அவருக்கு இவை தெரியாமலிருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர் எழுதியது தீவின் பெயரையும், மறுநாள் என்ற சொல்லையும் மட்டுமே.

இப்போது இன்னோர் இடத்தைத் திறவுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 11 ஆம் அதிகாரத்தில் சின்னப்பர் தாம் பட்ட பாடுகளை அடுக்கிச் சொல்கிறார். மூன்று முறை தம் கப்பல் உடைந்துபோனதாகவும், ஓர் இராப்பகல் நடுக்கடலில் கிடந்ததாகவும் அங்கே கூறுகிறார். இந்தத் தீவுப் பயணத்துக்கு முன்னரே எழுதப்பட்ட திருமுகம் அது. மெலித்தா என்னும் மால்டா தீவருகே பிற்பாடு நிகழ்ந்த பேர்போன கப்பற்சேதம் இந்த மூன்றில் சேராது. அந்த மூன்று சேதங்களும் எங்கே, எப்போது, யார் இறந்தார், யார் பிழைத்தார்? அப்போஸ்தலர் பணி நூலில் ஒரு வரி கிடையாது. மூன்று கப்பல் உடைந்ததைப் பற்றி மௌனம். ஒரு கப்பல் ஒன்றும் நடவாமல் ஒரு தீவுக்கு எதிரே வந்ததற்கு ஒரு வரி. பத்திரிகைக்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான்.

ஏன் இப்படி என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. கிடைத்த விடை மிக எளிமையானது. அந்தக் கியோ நாளில் லூக்காஸ் கப்பலில் இருந்தார். இந்தப் பகுதியில் "அவர்கள் வந்தார்கள்" என்று அவர் எழுதவில்லை. தம்மையும் சேர்த்தே எழுதுகிறார். ஒன்றும் நடவாத நாளில், நேசித்த மனிதரோடு ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே கரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதனால் அந்த நாள் அவருக்கு மறக்கவில்லை. நம் தமிழில் "நாங்கள்" என்று ஒரு சொல்லும் "நாம்" என்று ஒரு சொல்லும் உண்டல்லவா? லூக்காஸ் எழுதிய கிரேக்க மொழியில் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே வாசிக்கிற நீங்களும் அந்தப் பலகையின் ஓரத்தில் அமர்ந்துகொள்வதற்குத் தடை ஒன்றுமில்லை.

நற்செய்தியிலும் இப்படியான பயணங்கள் உண்டு. ஆண்டவர் புயலை அடக்கியதை நாம் மறப்பதில்லை. தண்ணீர்மேல் நடந்ததை மறப்பதில்லை. நாலாயிரம் பேருக்கு உணவளித்த பின் சீடர்களோடு படகேறித் தல்மனூத்தாப் பகுதிக்கு வந்தார் என்று மாற்கு ஒரு வரியில் முடித்துவிடும் பயணத்தை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அதுவும் அதே ஏரிதான். அதிலும் ஆண்டவர் படகில் இருந்தார். புயலடித்த அந்த மாலையிற்கூட, புயலுக்கு முன் கடல் அமைதியாக இருந்த நேரம் ஒன்று இருந்திருக்கும். பின்புறத்தில் தலையணை வைத்து அவர் உறங்கிப்போனது அந்த நேரத்திலேயே.

அன்பர்களே, இந்த அமைதியான நாளின் அருமையை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று கடலைக் கடந்தே பள்ளிக்கும் ஆசுப்பத்திரிக்கும் பூசைக்கும் போய்வந்த மக்கள் நாம். பாய்வள்ளங்கள் ஓடிய நாட்களில் காற்று விழுந்துவிட்டால் பரவைக்கடலில் கோலூன்றித் தாங்கி வரவேண்டும். ஆழத்தில் என்றால் காற்று எழும்பும்வரை இருந்தேயாக வேண்டும். அப்படி இருந்த வேளைகளில் செபமாலை சொல்லி முடித்து, பிரார்த்தனையும் முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று எஞ்சின் படகு ஒரு மணித்தியாலத்தில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவில் கொண்டுபோய் விடுகிறது. அந்த ஒரு மணித்தியாலமும் நமக்கு நீண்டதாகவே தோன்றுகிறது.

ஆனால் அந்தக் கடற்பாதையில் 1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் திகதி என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நெடுந்தீவிலிருந்து காலையில் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அன்று அவர்களைக் கொன்றது கடல் அல்ல. வேலைக்கும் அலுவலுக்கும் புறப்பட்டவர்கள், வழக்கம்போல் இதுவும் ஒரு பயணம் என்று எண்ணியே ஏறியிருப்பார்கள். அதற்குப் பின்னர் எத்தனை ஆண்டுகள், ஒரு படகு ஒன்றும் நடவாமல் கரைசேர்ந்தது என்பதே ஒரு வீட்டுக்குப் பெரிய புதினமாக இருந்தது! இறங்குதுறையில் காத்துநின்ற தாய்மார் அன்று "என்ன புதினம்?" என்று கேட்கவில்லை. வந்துசேர்ந்த முகத்தைப் பார்த்தார்கள். அதோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்தக் கப்பலில் சின்னப்பரோடு வந்தவர்களுள் துரோப்பீம் என்று ஒருவர். எபேசு அவருடைய ஊர். நேரம் போய்விடும் என்று சின்னப்பர் எபேசுவுக்குப் போகாமலே கடந்துசெல்லத் தீர்மானித்திருந்தார். ஆகவே துரோப்பீம் தன் ஊர்க் கரையைக் கப்பலில் இருந்தபடியே கடந்துபோனார். சொந்த மண்ணைத் தூரத்தில் கண்டும் இறங்க முடியாமல் போவது என்னவென்பது, 1990 இல் தீவுகளை விட்டு இடம்பெயர்ந்து பல்லாண்டு அக்கரையிலிருந்தே தம் கோயிற் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவருக்கு விளங்கும். எருசலேம் போனபின் இதே துரோப்பீமைச் சின்னப்பரோடு நகரில் கண்டவர்கள், அவரைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று எண்ணியே கலகம் மூண்டது; சின்னப்பருக்கு விலங்கு விழுந்தது. கியோவுக்கு எதிரே அமர்ந்திருந்த அன்று இது இருவருக்கும் தெரியாது. சின்னப்பர் சுதந்திர மனிதராகச் செய்ததாக நூல் சொல்லும் கடைசிக் கடற்பயணம் இது. அடுத்த முறை அவர் கப்பலேறியது காவலர் நடுவே, கைதியாக.

இவ்வளவு சொன்னபின், எதிரே இருந்து கேட்பவர்களின் மறுப்பையும் நான் கேட்காமல் இருக்க முடியாது. "சுவாமி, காற்றில்லாத நாள் உங்களுக்குத் தியானம், எங்களுக்குப் பட்டினி" என்று ஒரு கடற்றொழிலாளி சொன்னால் அவர் சொல்வது நியாயமே. வலை நனையாத நாளில் அடுப்பு எரியாத வீடுகள் நம் பங்குகளில் உண்டு. அவர்களிடம் போய் மௌனத்தின் இனிமையைப் பேசுவது வயிறு நிறைந்தவன் பேச்சு. இந்த இடத்தில் அந்தக் கப்பலின் சாமான்களிடையே இருந்த ஒரு பொருளை மறந்துவிடக்கூடாது. ஏழைகளுக்கென்று சேர்த்த காசு அங்கே இருந்தது. மக்கெதோனியச் சபையார் தாங்களே வறுமையில் இருந்தும் கெஞ்சிக் கேட்டுப் பங்கு சேர்த்த காசு என்று சின்னப்பர் எழுதியிருக்கிறார். பாய் மெல்ல அசைந்தாலும், பயணிகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும், பசித்தவர்களின் காசு பசித்தவர்களை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தக் காசு கப்பலில் இல்லாதிருந்தால் இந்த நாளைப் பற்றி இப்பக்கத்தில் எழுத எனக்கு மனம் வந்திராது.

வேறொரு மறுப்பும் உண்டு. அது இன்னும் கடினமானது. "ஒரு புதினமும் இல்லை" என்ற சொல்லே புண்ணாகிப்போன வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. கொண்டுபோகப்பட்ட மகன், கையளிக்கப்பட்ட கணவன் எங்கே என்று கேட்டு, 2017 ஆம் ஆண்டு கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்தவர்களை நீங்கள் அறிவீர்கள். விடை கிடையாமலே கண்மூடிய தாய்மார் பலர். அவர்களுடைய நாட்கள் புதினமின்றி மெல்லக் கழிகின்றன. அதை அமைதி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. லூக்காஸ் எழுதிய அந்த நாளையும் அவர்களுடைய நாளையும் நான் ஒன்றாக்கவில்லை. லூக்காஸ் தம் நண்பரின் பக்கத்தில் இருந்தார். இவர்களுக்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வீடுகளுக்குப் போகும்போது புதினம் விசாரியாமல், சிறிது நேரம் அந்த வெறும் இடத்துக்கு அருகே இருந்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

குருக்களாகிய எங்களுக்கும் இந்தப் பகுதியில் ஒரு கிள்ளு இருக்கிறது. துரோவாவில் விடியும்வரை பேசியவர், கப்பலில் என்ன பேசினார் என்று ஒரு சொல்லும் பதிவாகவில்லை. மாலுமிகளைக் கூட்டி வைத்துப் பிரசங்கித்தார் என்று எழுதியிருக்கலாம், லூக்காஸ் எழுதவில்லை. ஓயாமல் திட்டமிட்டு, ஓயாமல் கூட்டம் நடத்தி, நாட்குறிப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தைக் கண்டால் பதறிப்போகும் நாம், அப்போஸ்தலர் ஒரு நாள் முழுவதும் பிரயாணியாக இருந்ததைச் சற்றே நின்று பார்க்கலாம். தள்ளாத வயதில் திண்ணையில் அமர்ந்து, "என்னால் இனி என்ன ஆகும்" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களும் இதைப் பார்க்கலாம். அன்று சின்னப்பர் கையிலும் துடுப்பு இல்லை.

இன்னொன்று, குடும்பங்களுக்கு. வருகிற ஞாயிறு மாலை, செபமாலைக்குப் பின், கைத்தொலைபேசிகளை அணைத்துவிட்டு, பிள்ளைகளில் ஒருவரை இந்த நான்கு வசனங்களையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளித் தேசப்படத்தில் அசோ முதல் மிலேத்து வரை விரலால் தொட்டுக்கொண்டு வரட்டும். மிலேத்துவைத் தேடும்போது பிள்ளைகள் திகைப்பார்கள். அது இப்போது கடற்கரையில் இல்லை. மெயாந்தர் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. கடல் பல மைல் தள்ளிப் போய்விட்டது. அன்று துறைமுகத்துக்கு எதிரே இருந்த லாதே என்னும் தீவு இன்று வயல்வெளியின் நடுவே ஒரு குன்றாக நிற்கிறது. கப்பல்கள் நின்ற இடத்தில் இன்று பயிர் நிற்கிறது.

அந்த மிலேத்துவுக்கே சின்னப்பரின் கப்பல் நான்காம் நாள் வந்துசேர்ந்தது. அங்கிருந்து எபேசுவுக்கு ஆள் அனுப்பி, சபை மூப்பர்களை வரச்சொன்னார். முப்பது மைலுக்கு மேற்பட்ட வழி. ஆள் போகவேண்டும், அவர்கள் வரவேண்டும். எபேசுவுக்குப் போகாததால் அவர் மிச்சம் பிடித்த நாட்கள் எத்தனை என்று கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. வந்தவர்களோடு பேசினார். முழந்தாளிட்டு எல்லாரோடும் செபித்தார். தம் முகத்தை இனிக் காணமாட்டீர்கள் என்று சொன்னதைத் தாங்கமாட்டாமல் அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நம் வீடுகளில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிப் புறப்படுவதில்லை. "போட்டு வாறன்" என்பதே நம் வழக்கு. மிலேத்துக் கரையில் அன்று அந்தச் சொல்லைச் சொல்ல வழியில்லை. கப்பல்வரை கூடவே வந்து வழியனுப்பினார்கள்.

பாய் விரிந்தது. லூக்காஸ் மறுபடியும் பெயர்களை எழுதத் தொடங்குகிறார்: கோஸ் தீவு, மறுநாள் ரோதுத் தீவு, அங்கிருந்து பத்தாரா.